களவும் கற்று மற! (அஞ்சறைப்பெட்டி முதல் ஐயாயிரம் ரூபாய் வரை)



'களவும் கற்று மற' என்றார்கள் பெரியவர்கள். இதில் முதல் பாதியை நம்மில் பலர் அரியர்ஸ் இல்லாமல் பாஸ் செய்துவிட்டோம். 'மற' என்ற பேப்பர்தான் இன்னும் நிலுவையில்! (அது 'களவும் கத்தும் மற'; கத்து என்றால் பொய் என்று சொல்லும் தமிழையாக்களும் உண்டு. அப்படியானால் நாம் சிலபஸ்ஸையே தப்பாகப் படித்திருக்கிறோம்!)

திருட்டு என்றதும் கன்னக்கோல், கறுப்பு முகமூடி என்று கற்பனை செய்யாதீர்கள். நான் சொல்ல வந்தது சில்லறைத் திருட்டு. டிராயிங் ஹாலில் கால் முளைக்கும் மினி டிராஃப்டர், ஹாஸ்டலில் ஒரே நாளில் கரையும் சோப்பு, வீட்டில் பிள்ளையாருக்கு முன்பே நம் வாய்க்குப் போகும் கொழுக்கட்டை... இந்த ரகம்.

நம்ம ஏரியா பெருமை

இந்தக் கலைக்கும் நம்ம ஏரியாவுக்கும் பழைய சம்பந்தம். கண்ணன் வெண்ணெய் திருடியதைப் பாடிப் பாடி உருகிய பெரியாழ்வார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பெருமாளுக்கென்று அவர் கட்டி வைத்த மாலையை, அப்பாவுக்குத் தெரியாமல் தான் சூடி அழகு பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்தாள் மகள் ஆண்டாள் என்பது தல வரலாறு. அதைத் திருட்டு என்று சொன்னால் நம் நாக்கு அழுகிவிடும்! 'சூடிக் கொடுத்த சுடர்க்கொடி' என்று கொண்டாடுகிறோம். அவள் சூடிய மாலை இன்றும் பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி போகிறது.

அன்பு உள்ள இடத்தில் எடுப்பது களவாகாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆனால் விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் இருப்பதும் அதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அங்கே இந்தச் சாட்சி எடுபடாது!

சட்டம் என்ன சொல்லுது?

1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கு விளக்கம் சொன்னது 378-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 303-ஆம் பிரிவு. அசையும் பொருளாக இருக்க வேண்டும். அது இன்னொருவர் வசம் இருக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு அதை நகர்த்த வேண்டும். அவ்வளவுதான். எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதுகூட இல்லை. நகர்த்தினாலே போதும்!

அந்தப் பிரிவில் வரும் உதாரணங்கள் சிறுகதை மாதிரி இருக்கும். நிலத்தில் நிற்கும் வரை மரம் அசையாப் பொருள். திருடும் எண்ணத்தோடு வெட்டிச் சாய்த்த நொடியில் திருட்டு. நம்ம ராஜபாளையம் மாங்காய்க்கும் இதே கதைதான். அண்ணாந்து பார்த்து ஜொள்ளு விடும் வரை குற்றமில்லை, காம்பு ஒடிந்தால் கேஸ்!

இன்னொரு உதாரணம் நாய். பையில் தீனி வைத்துக்கொண்டு, திருடும் எண்ணத்தோடு அடுத்தவர் நாயைப் பின்னால் வர வைத்தால், அது நடக்க ஆரம்பித்ததுமே திருட்டு. 2005-ல் தபால்தலையிலேயே இடம் பிடித்த ராஜபாளையம் நாயிடம் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். சட்டம் வருவதற்குள் நாய் வந்துவிடும்!

நமக்கு ஆறுதலான உதாரணமும் உண்டு. நண்பர் இல்லாத நேரத்தில் அவர் புத்தகத்தை, படித்துவிட்டுத் திருப்பித் தரும் எண்ணத்தில் எடுத்துப் போனால் அது திருட்டாகாது. கேட்காவிட்டாலும் அவர் சம்மதிப்பார் என்று நம்புமளவு நட்பு இருக்க வேண்டும், அவ்வளவே. ('திருப்பித் தரும் எண்ணத்தில்' என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும்.) ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை எதைச் செய்தாலும் குற்றமில்லை என்றும் சட்டம் சொல்கிறது. பால்கோவா டப்பாவைக் காலி செய்யும் குட்டித் தம்பி நிம்மதியாகத் தூங்கலாம்!

சிறுவாடும் செய்தியும்

அஞ்சறைப்பெட்டி அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் அம்மாக்கள் சேர்க்கும் பணத்துக்குச் 'சிறுவாடு' என்று பெயர். அதைத் திருட்டு என்பவன் வாயில் மண்! அவசரத்துக்கு ஃபீஸ் கட்டுவதே அந்தக் காசுதானே? 2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததும், எத்தனையோ வீடுகளில் சிறுவாடு வெளிச்சத்துக்கு வந்தது. "அடிப்பாவி, இவ்வளவு வச்சிருந்தியா!" என்று வாயைப் பிளந்த அப்பாக்கள் ஏராளம்.

இப்போது அப்பா சட்டைப்பையில் சில்லறையே இல்லை. எல்லாம் கூகுள் பே. பத்து ரூபாய் போனாலும் அடுத்த நொடி மெசேஜ் வந்துவிடுகிறது. ஒரு பாரம்பரியக் கலை கண்ணெதிரே அழிகிறது!

செய்தித்தாளிலும் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. 2023 ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது கர்நாடகத்தில் ஹாசன் மாவட்டத் தோட்டத்தில் தக்காளியே களவு போனது. 2024 பிப்ரவரியில், உசிலம்பட்டியில் இயக்குநர் மணிகண்டன் வீட்டில் திருடியவர்கள், அவருடைய தேசிய விருதுப் பதக்கங்களை மட்டும் மன்னிப்புச் சீட்டோடு வாசலில் தொங்கவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஜூலையில், தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில் ஒரு திருடர், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

சிரிப்பு நிற்கும் இடம்

தோழர்களே, இனி கொஞ்சம் சீரியஸ். வீட்டில் ஐந்நூறு ரூபாய் காணோம் என்று வையுங்கள். முதல் கேள்வி என்ன?

"இன்னிக்கு வேலைக்காரம்மா வந்தாங்களா?"

மகன் எடுத்திருப்பான் என்று யாரும் நினைப்பதில்லை. எடுத்திருந்தாலும் அவனுக்குக் கிடைப்பது ஒரு திட்டு, அதிகம் போனால் முதுகில் ஒரு சாத்து. அந்த அம்மாவுக்கோ வேலை போகும். தெரு முழுக்கப் பேச்சுப் பரவி அடுத்த வீட்டு வேலையும் போகும். போலீஸ் வரை போனால்? முதல் தடவை தண்டனை பெறுபவர், ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவையே தண்டனை என்று 303-ஆம் பிரிவு இரக்கம் காட்டுகிறது. ஆனால் வேலையாள் முதலாளியின் பொருளைத் திருடினால் 306-ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை!

நாலு நாள் கழித்து அந்த நோட்டு மகனின் ஜீன்ஸ் பையில் துவைத்து வெளுத்துக் கிடைக்கும். வீடே சிரிக்கும். அந்த அம்மா வீட்டுக்குப் போய், "தப்பா நெனச்சுட்டோம்மா, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்கிறவர்கள் எத்தனை பேர்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ஹாஸ்டலில் மெஸ் அண்ணனுக்கும் வாட்ச்மேன் தாத்தாவுக்கும் நடப்பது இதுதான். நமக்கு அது சில்லறைத் திருட்டு. பழி சுமப்பவருக்கு அது அவருடைய மானம், சாப்பாடு.

ஆகவே என் யோசனை மிகச் சின்னது. கேட்டு எடுப்போம். கேட்க நேரமில்லையா? "அம்மா, அம்பது ரூவா எடுத்துக்கிட்டேன்" என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி டப்பாவுக்குள் போடுவோம். மெஞ்ஞானபுரத்துத் திருடருக்கே அந்த நாகரிகம் இருந்ததே... டிப்ளமோ படிக்கிற நமக்கு இருக்கக் கூடாதா?