ஊர்க் கோப்புகளுக்கு யார் பொறுப்பு?

புதுச்சேரியின் கரியமாணிக்கம், நெட்டப்பாக்கம், மடுகரை வட்டாரத்தில் பொதுக்காரியம் எதுவும் இன்று கைப்பேசி இல்லாமல் நடப்பதில்லை. சுயஉதவிக் குழுவின் தவணைக் கணக்கு பெரும்பாலும் கூகுள் ஷீட்டில் இருக்கும். பள்ளி அறிவிப்பு வாட்ஸ்அப்பில் வரும். திருவிழா வரவு செலவு ரசீதுகளைப் படம் எடுத்து ஒருவர் தன் கூகுள் டிரைவில் போட்டு வைத்திருப்பார். இப்படித்தான் நடக்க வேண்டும் என்று எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போடவில்லை. காசில்லாமல் கிடைத்தது, கையாள எளிதாக இருந்தது, எல்லாரும் பழகிவிட்டார்கள். அந்தச் சேவைகள் நல்லவையா கெட்டவையா என்பதைவிட, ஊருக்குப் பொதுவான கோப்பு ஒரு தனிமனிதரின் கணக்கிலும், அந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தின் விதியிலும் தொங்குவது சரியா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. சரியில்லை என்பதே என் முடிவு. அதற்காக வீட்டுக்கு வீடு சர்வர் வைக்க வேண்டியதில்லை. பொதுக் கோப்புகளை மட்டும் ஒரு சங்கம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால் போதும். அதற்கான மென்பொருள் தயாராக இருக்கிறது. கவனிக்க ஓர் ஆளைத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கு இது கேள்விப்படாத யோசனை அல்ல. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பு நிதி கொடுத்தது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள் வந்தன. நம்பிக்கையான தொலைபேசி இணைப்பே இல்லாத காலம் அது. வில்லியனூரில் இருந்தவர்கள் வெளியிலிருந்து வரும் தகவலைத் தமிழில் எழுதி, வி.எச்.எஃப். வயர்லெஸ் வழியாக ஊர்களுக்கு அனுப்பினார்கள். மின்சாரம் போகும் என்று தெரிந்து சோலார் பேனலும் வைத்தார்கள். நெல் விலை, பஸ் நேரம், அரசுத் திட்டங்கள், மருத்துவமனை விவரம் என்று அந்தந்த ஊர்க்காரர்கள் கேட்டவையே அங்கே சேர்க்கப்பட்டன. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர விவரத்தை எடுத்து, கடலுக்குப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இடம் ஊர் கொடுத்தது, தொண்டர்களை ஊர் தேர்ந்தெடுத்தது, எல்லாச் சாதியாரும் உள்ளே வர வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. ஏம்பலத்தில் கோயிலுக்குச் சொந்தமான இடத்தில் பெண்களே மையத்தை நடத்தினார்கள். 2001இல் இத்திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. 2004 டிசம்பர் சுனாமி நாளில், வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். அந்த ஒலிபெருக்கியை இயக்க எங்கோ இருக்கும் நிறுவனத்தின் அனுமதி தேவைப்படவில்லை. கைப்பேசி பரவியபின் அந்த மையங்களின் தேவை குறைந்தது இயல்பு. ஆனால் தகவலுக்கு ஊரில் ஒருவர் பொறுப்பு என்ற ஏற்பாடும் அதோடு சேர்ந்து போனதுதான் இழப்பு.

பொறுப்பு கைமாறியதன் விளைவைத் தமிழர்கள் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறார்கள். வலைப்பதிவும் முகநூலும் வருவதற்கு முன்பு தமிழில் ஆழமான விவாதங்கள் நடந்த இடம் யாஹூ குழுமங்கள். அகத்தியர், பொன்னியின் செல்வன் போன்ற குழுமங்களில் கல்வெட்டு, சோழர் வரலாறு, சங்கப் பாடல் என்று ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தார்கள். பழைய பதிவுகளை அழிக்கப்போவதாக 2019இல் யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பரில் குழுமச் சேவையையே மூடியது. முன்கூட்டியே பிரதி எடுத்தவர்களிடம் மட்டுமே ஏதோ மிஞ்சியது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போனது. வரம்பில்லாமல் படம் சேர்க்கலாம் என்றிருந்த கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் அந்தச் சலுகையை நிறுத்தியது. கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் இடம் கொடுத்துவந்த கூகுள், 2022இல் ஒரு நிறுவனத்துக்கு மொத்தம் 100 டெராபைட் என்று வரம்பு கட்டியது. கிராமத்துக் குழுக்களை நேராகத் தொடும் விதி இன்னொன்று உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுள் நீக்கத் தொடங்கியது. செயலாளர் மாறி, பாஸ்வேர்டு மறந்து, யாரும் திறக்காமல் கிடக்கும் குழுவின் ஜிமெயில் கணக்கு இந்த விதிக்குள் அப்படியே வந்துவிடும்.

நிறுவனம் மூடாவிட்டாலும் கதவு மூடலாம். தன் குழந்தையின் நோயை மருத்துவருக்குக் காட்டப் படம் எடுத்த ஒரு தந்தையின் கணக்கைக் கூகுளின் தானியங்கிச் சோதனை குற்றமாகக் கருதி முடக்கியதை 2022 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அவர்மேல் குற்றமில்லை என்று காவல்துறையே முடித்த பின்னும் கணக்கு திரும்பவில்லை. பத்தாண்டுக்கும் மேலான மின்னஞ்சல், படங்கள், தொலைபேசி எண் எல்லாம் போயின. இந்தியாவில் 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், குஜராத்தின் வாடினாரில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜியின் சேவைகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பணம் கட்டி உரிமம் வாங்கியிருந்த நிறுவனம் அது. தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் சேவை திரும்பியது. உயர்நீதிமன்றம்வரை போக ஓர் எண்ணெய் நிறுவனத்தால் முடியும். பால் கூட்டுறவுச் சங்கத்தால் முடியாது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 40,000க்கும் மேற்பட்ட அரசு மின்னஞ்சல் கணக்குகளை மைக்ரோசாஃப்டிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி 2025 அக்டோபரில் அந்த வேலையை முடித்ததற்கு இந்தச் சார்புநிலையே காரணம்.

சொந்தமாக நடத்துவது என்றால் என்ன? டிரைவ் போன்ற வசதிக்கு நெக்ஸ்ட்கிளவுட், படங்களுக்கு இம்மிச், காணொலிக் கூட்டத்துக்கு ஜிட்ஸி என்று கட்டற்ற மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரு சிறிய கணினியில் டெபியன் லினக்ஸ் போட்டு இவற்றை நிறுவினால், உறுப்பினர்கள் கைப்பேசியிலிருந்தே கோப்பைத் திறக்கலாம், ரசீதைப் படம் எடுத்து ஏற்றலாம். உள்ளங்கை அளவுள்ள கணினி 10 வாட் இழுப்பதாக வைத்துக்கொண்டாலும், இரவும் பகலும் ஓடினால் மாதம் ஏழு யூனிட் சொச்சம்தான். கணக்கு செயலாளர் பெயரில் இருக்காது, செயலாளர் என்ற பதவியின் பெயரில் இருக்கும். ஆள் மாறினால் நிர்வாகி பாஸ்வேர்டை மாற்றிக் கொடுப்பார். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒரு வசதிக்காகவே இதைச் செய்யலாம் என்பேன். மின்னஞ்சலை மட்டும் சொந்த சர்வரில் நடத்த முயல வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து அனுப்பும் கடிதம் பெரும்பாலும் ஸ்பாமில் விழும், அல்லது போகவே போகாது. அதற்குப் பதில் சங்கத்தின் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, காசு வாங்கிக்கொண்டு மின்னஞ்சல் தரும் நிறுவனத்திடம் கொடுக்கலாம். நிறுவனம் பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாம், முகவரி மாறாது.

இதற்கு எழும் எதிர்வாதங்கள் லேசானவை அல்ல. கூகுளின் பாதுகாப்புப் பொறியாளர்களோடு ஓர் ஊர்ச் சங்கம் போட்டியிட முடியுமா? முடியாது. அப்டேட் செய்யாமல் பொது இணையத்தில் திறந்து விட்ட சர்வர், ஜிமெயிலைவிட ஆபத்தானது. ஆகவே அதை இணையத்துக்குத் திறக்கவே கூடாது. உறுப்பினர்களின் கைப்பேசிகள் மட்டும் வயர்கார்டு போன்ற மறையாக்கப்பட்ட பாதை வழியாக உள்ளே வர வேண்டும். நூறு பேர் பயன்படுத்தும் கணக்குப் புத்தகத்துக்கு உலகம் முழுதும் தெரியும் வாசல் எதற்கு? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது சட்டம். தரவை வைத்திருப்பவருக்குக் கடமை உண்டு. அதனால் தேவையில்லாத ஆதார் நகல்களைச் சேர்த்து வைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

புயல் இன்னும் கடினமான கேள்வி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பாகூர் பக்கம் வயலும் வீடும் மூழ்கின, மின்சாரம் போனது. ஊரில் உள்ள ஒரே கணினியும் நனைந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரே பிரதி இருந்தால் எல்லாம் போகும். ஆகவே மறையாக்கம் செய்த இரண்டாவது பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். சென்னையிலோ மும்பையிலோ வாடகைக்கு எடுத்த இடமாக இருந்தாலும் சரி. இயந்திரம் ஊர் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. சாவி சங்கத்திடம் இருக்க வேண்டும், வேண்டும்போது முழுக்கோப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிய வேண்டும். இவை இரண்டும் இருந்தால் அது சொந்தம்தான். அதே சமயம், டவர் செயலிழந்தால் கூகுளையும் எட்ட முடியாது என்பதை மறக்கக் கூடாது. மேடான கட்டடத்தில் இன்வர்ட்டரில் ஓடும் சிறு சர்வரிலிருந்து அந்த நேரத்திலும் வைஃபையில், உதவி தேவைப்படும் முதியோரின் பட்டியலைத் திறக்கலாம்.

வாட்ஸ்அப்பில்தான் எல்லாரும் இருக்கிறார்களே என்பதற்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை, எவரிடமும் இல்லை. அதன் செய்திகள் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுகின்றன என்பதும் உண்மை. பேச்சு அங்கேயே நடக்கட்டும். பதிவேடு அங்கே இருக்க வேண்டாம். சிக்னலுக்கு மாற முடிந்த குழு மாறலாம். உள்நாட்டு நிறுவனத்துக்கு மாறினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, சோஹோ போன்ற தமிழ்நாட்டு நிறுவனம் வளர்வது எனக்கும் மகிழ்ச்சியே. வெளிநாட்டுத் தடைக்கு அது பாதுகாப்பு. ஆனால் விதியை மாற்றும் உரிமை அங்கும் நிறுவனத்திடம்தான் இருக்கும்.

கடைசியில் எல்லாம் வந்து நிற்பது ஆளிடம். நன்றாகத் தொடங்கிய சமூக சர்வர்கள் பராமரிக்க ஆளில்லாமல்தான் படுக்கின்றன. கேரளப் பள்ளிகள் க்னூ/லினக்ஸுக்கு மாறி நிலைத்ததற்கு, சி.டி.யை விநியோகித்ததோடு விடாமல் ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக ஆக்கியது பெரிய காரணம். இந்த வட்டாரத்துக்கும் முன்னுதாரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இங்கே ஏரிப்பாசனத்தைச் சிந்திக்கா அக்ரிகோல் என்ற விவசாயிகள் சங்கம் நிர்வகித்தது. ஐரோப்பிய ஒன்றிய நிதியில் புதுச்சேரியின் 84 ஏரிகள் சீரமைக்கப்பட்டபோதும் ஏரிப் பயனாளர் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஒருவர் பொறுப்பாக இருப்பதுபோல சர்வருக்கும் ஒருவர் வேண்டும், அவருக்குச் சம்பளமும் வேண்டும். 2006இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிகளின் காலம் 2011இல் முடிந்தபின் நீண்ட காலமாகத் தேர்தல் நடக்காத புதுச்சேரியில், பஞ்சாயத்து செய்யட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. ஒரு பால் சங்கம், ஒரு பள்ளி, ஐந்தாறு சுயஉதவிக் குழுக்கள் சேர்ந்து ஒருவரைப் பகுதிநேர வேலைக்கு வைக்கலாம். கற்றுக்கொடுக்க ஆட்கள் அருகிலேயே இருக்கிறார்கள். விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமத்து மாணவர்களுக்குக் காசு வாங்காமல் லினக்ஸ் சொல்லித்தருகிறது, புதுச்சேரியில் எஃப்.எஸ்.எச்.எம். அமைப்பு கட்டற்ற மென்பொருளுக்காக வேலை செய்கிறது; கணியம் இணைய இதழ் 2012 முதல் இவற்றைத் தமிழில் எழுதிவருகிறது.

சர்வர் வாங்கும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. கூகுள் டேக்கவுட் பக்கத்தில் குழுவின் கணக்கில் உள்ள அனைத்தையும் இறக்கிக்கொள்ளலாம். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்பு அதைச் செய்து இரண்டு ஹார்டு டிஸ்கில் ஏற்றி, ஒன்றைச் செயலாளரிடமும் மற்றொன்றைப் பொருளாளரிடமும் கொடுத்து, கொடுத்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.