மாலை போட்டா மட்டும் எப்படி சாமி முடியுது?

கார்த்திகை ஒண்ணாம் தேதி. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துளசி மாலை, கறுப்பு வேட்டி சகிதம் வந்து நின்றார் எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் நண்பர். முந்தின நாள் சாயங்காலம் வரை அவர் வாயில் புகை இல்லாத அரைமணி நேரத்தை யாரும் பார்த்ததில்லை. நாளைக்குப் பதினைந்து சிகரெட். மாசக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாளென்றால் இருபது.

விடாத மனுஷர் இல்லை. நிறைய தரம் விட்டவர்! புதுவருஷத்துக்கு மூன்று தரம், கல்யாண நாளுக்கு ஒரு தரம், மகள் பிறந்த அன்று ஒரு தரம். அம்மா தலைமேல் கை வைக்கச் சொல்லி சத்தியம் வாங்கினபோது ஒரு தரம். அதிகபட்ச ரிக்கார்டு நாலரை நாள். (அந்த அரை நாளைச் சொல்லாமல் விடமாட்டார்.)

ஆனால் மாலை போட்ட பிறகு, 41 நாளும் ஒரு தம் கிடையாது. எல்லா சாமிகளும் அப்படி என்று நான் சொல்லவரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாலையைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு ஊதுகிற சாமிகளையும் பார்த்தவன்தான் நான். எங்கள் ஆள் சுத்தம்.

பக்தி என்பீர்கள். சரி, அதைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் பக்கத்திலேயே நின்று பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அந்த 41 நாளில் மாறினது அவர் மட்டும் இல்லை, சுற்றி இருந்த நாங்கள் அத்தனை பேரும்தான்.

காலை 11 மணிக்கு "என்னய்யா, கீழே போலாமா?" என்று அவர் தோளில் தட்டுகிற ஜமா, சத்தமில்லாமல் நழுவியது. அவர் எரிந்து விழுந்தால், "விரதம்யா... விடு" என்று பொறுத்துக்கொண்டோம். மேனேஜர்கூட "சாமி, அந்த ஃபைலு..." என்று குரலை இறக்கித்தான் கேட்டார். டீக்கடை மாஸ்டர் கேட்காமலே பாலை ஆற்றிக் கொடுத்தார். பெட்டிக்கடை அண்ணாச்சி எல்லோருக்கும் ஒரு படி மேல். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ, நண்பர் பழக்கதோஷத்தில் கடை வாசலுக்குப் போய், கயிற்றில் தொங்குகிற லைட்டரையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அண்ணாச்சி பாட்டிலைத் திறந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து, "இதை வாயில போட்டுக்கிட்டு நடங்க சாமி" என்றாராம். ஐந்து நிமிஷம் அங்கே நிற்கவிடவில்லை. பிற்பாடுதான் தெரிந்தது, அந்த ஐந்து நிமிஷம்தான் விஷயமே!

மலைக்குப் போய் வந்தார். மாலையைக் கழற்றின மறுநாள் அரவணைப் பாயச டின்னோடு ஆபீஸ் வந்தார். 11 மணி, கீழே டீக்கடை. பாயசத்தை ஒரு வாய் போட்டுக்கொண்டு, என் சிகரெட் பாக்கெட்டைத் திறந்து நீட்டினேன்.

"எடுங்க சாமி... 41 நாள் பட்டினியாச்சே!"

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே ஒன்றை எடுத்தார்.

அடுத்த ஆடி மாசம் ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சுவலி. வயசு 38. ரத்தக்குழாயில் அடைப்பு, ஒரு ஸ்டென்ட். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னபிறகு, ஐ.சி.யூ. வாசலில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "மலைக்குப் போயிட்டு வந்தப்ப சுத்தமா விட்டிருந்தாரேண்ணா... அப்புறம் யாருண்ணா முதல்ல குடுத்தா?"

"தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டைப் பார்த்து நடந்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்கு அப்புறம்தான் நான் இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைக் கலக்கியது. புகையை இழுத்த பத்து, இருபது விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ரத்தத்தில் சேர்ந்ததில் பாதி சுமார் இரண்டு மணி நேரத்தில் காலி. அதனால்தான் மீட்டிங் நடுவிலேயே கை பாக்கெட்டைத் தடவுகிறது. அடியோடு நிறுத்தினால் முதல் இரண்டு, மூன்று நாள் உச்சகட்ட அவஸ்தை. எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனசு ஒட்டாமை. மூணு, நாலு வாரத்தில் உடம்பின் அவஸ்தை பெரும்பாலும் அடங்கிவிடும். அதாவது 41-ம் நாள் எங்கள் நண்பர் உடம்பு அந்தச் சனியனைக் கேட்கவே இல்லை! கேட்டது டீக்கடை, கேட்டது 11 மணி, கேட்டது என் கை.

இதையே பெரிய அளவில் கணக்கெடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்று ஓர் ஊர். அந்த ஊர் மக்களின் இதயத்தைப் பல தலைமுறையாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் பன்னிரண்டாயிரம் பேரின் உறவு, நட்பு விவரங்களை, 1971 முதல் 2003 வரை, கிறிஸ்டாகிஸ், ஃபௌலர் என்ற இரண்டு பேர் அலசி 2008-ல் வெளியிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கிற வாய்ப்பு 67 சதவிகிதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36. சின்ன ஆபீஸில் கூட வேலை செய்பவர் விட்டால் 34. கூடப் பிறந்தவர் விட்டால் வெறும் 25! அண்ணன் தம்பியைவிட அடுத்த மேஜைக்காரருக்கு இதில் செல்வாக்கு ஜாஸ்தி என்று அர்த்தம். ஜனங்கள் ஜமா ஜமாவாகத்தான் விடுகிறார்கள்.

நண்பர் டிஸ்சார்ஜ் ஆகி டூட்டியில் சேர்ந்த அன்று, மாலை போடாமலே அவரைச் சாமியாக நடத்துவது என்று நாங்கள் நாலு பேர் முடிவு செய்தோம். முதல் காரியமாக 11 மணி ஜமாவை இடம் மாற்றினோம். சிகரெட்டை விடுகிறவன் சிகரெட்டை மட்டுமா விடுகிறான்? அரட்டை, ஆபீஸ் ரகசியம், இன்க்ரிமென்ட் வதந்தி எல்லாவற்றையும் சேர்த்தல்லவா விடவேண்டியிருக்கிறது! அவரை மட்டும் மேஜையில் உட்காரவைத்துவிட்டு நாம் கீழே போவது தண்டனை. ஆகவே மொத்த ஜமாவும் அடுத்த தெரு மோர்க்கடைக்கு மாறியது. டீ மாஸ்டருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இரண்டாவது, இன்டர்காம். 'தம்' ஞாபகம் வந்தால் என் நம்பருக்கு அடிக்கவேண்டும். அந்த ஆசை ஓர் அலை மாதிரி. எழும்பும், உச்சிக்குப் போகும், ஐந்து பத்து நிமிஷத்தில் தானே இறங்கிவிடும். அதுவரை பேச்சுத் துணை வேண்டும், அவ்வளவுதான். புற்றுநோய், நுரையீரல் என்று ஒரு வார்த்தை பேசமாட்டேன். கிரிக்கெட், சினிமா, மேனேஜரின் புது விக்... (அவர் இந்தப் பத்திரிகை படிப்பதில்லை என்ற தைரியம்.) முதல் வாரம் ஒரே நாளில் பதினோரு தரம் அடித்தார். என் வேலை கெட்டது வாஸ்தவம்.

இன்னும் சில சங்கடங்கள் இருக்கின்றன, கூட இருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவை. 'காலையில் ஒண்ணு பத்தவைச்சாத்தான் எனக்கு...' என்று வயிற்றைத் தடவுகிற ஆசாமிகளை நாம் அறிவோம். அது முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. நிகோடின் குடலை முடுக்கிவிடும் சமாசாரம். விட்ட புதிதில் மலச்சிக்கல் சகஜம். தண்ணீரும் வாழைப்பழமும் போதும், சில வாரத்தில் வழிக்கு வந்துவிடும். சிலருக்கு இருமல் அதிகமாகும். "பாத்தியா, விட்டதும்தான் உடம்புக்கு வருது" என்று யாராவது திருவாய் மலர்வார்கள், நம்பாதீர்கள். மூச்சுக்குழாயின் நுண்ரோமங்கள் மறுபடி வேலை செய்ய ஆரம்பித்துச் சளியை வெளியே தள்ளுகிற சத்தம் அது. வாரக்கணக்கில் நின்றால் டாக்டரிடம் காட்டலாம்.

அப்புறம் காபி. சிகரெட் புகை உடம்பிலிருக்கும் கஃபீனை வேகமாகக் கரைத்துவிடும். புகையை நிறுத்தினால் அதே நாலு டம்ளர் காபி ஏழெட்டு டம்ளர் மாதிரி வேலை செய்யும்! படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை. பழியை 'சிகரெட்டை விட்டதால்' என்று போட்டுவிட்டு மறுபடி பற்றவைப்பார்கள். பாதியாகக் குறைத்தால் ஆயிற்று.

நிகோடின் சூயிங்கத்தை நம் ஆட்கள் பபிள்கம் மாதிரி மென்று தீர்க்கிறார்கள். தப்பு. சுள்ளென்று ஏறியதும் மெல்வதை நிறுத்திக் கன்னத்தில் ஒதுக்கி, அடங்கினதும் மறுபடி மெல்லவேண்டும். இதய நோயாளிகள் டாக்டரைக் கேட்டுவிட்டு. அவர் எழுதித் தருகிற மாத்திரைகளும் உண்டு. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் 1800-11-2356 எண்ணுக்குப் பேசினால் காசில்லாமல் யோசனை சொல்கிறார்கள், தமிழிலும். பீடிக்கு மாறுகிறேன் என்பவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை, பெருமூச்சுதான்.

மூணாவது வாரம், ஆடிட் தகராறு. நண்பர் நேரே கீழே போய் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். திரும்பி வந்தவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அவ்ளோதான்யா, நான் லாயக்கில்லை" என்றார். பழைய நாங்களாக இருந்தால், "நாலரை நாள் ரிக்கார்டை உடைச்சிட்டியே!" என்று கலாய்த்து, மீதி பாக்கெட்டையும் காலி பண்ணவைத்திருப்போம். அன்றைக்கு வாய் வரைக்கும் வந்த ஜோக்கை முழுங்கிக்கொண்டு, "எத்தனை?" என்றேன். "ஒண்ணு." "சரி, இருபது நாள்ல ஒண்ணு. முன்னே முந்நூறு குடிச்சிருப்பே. வா, மோர் சாப்பிடலாம்" என்றேன். கணக்குப்பிள்ளை இல்லையா, கணக்கு எடுபட்டது.

வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் வாசலிலேயே சட்டையை மோந்து பார்ப்பதை அவர் மனைவி நிறுத்திவிட்டார். அது அவருக்கு எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

'எனக்கு இருபத்தஞ்சுதானே, அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற தம்பிகளுக்கு ரிச்சர்ட் டாலை அறிமுகப்படுத்துகிறேன். இங்கிலாந்து டாக்டர். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து எடுத்துச் சொன்னவர். ஆராய்ச்சி ஆரம்பித்தபோது அவரே புகைப்பவர்! கைக்கு வந்த கணக்கைப் பார்த்துவிட்டு நடுவிலேயே விட்டுவிட்டார். 1951-ல் தொடங்கி சுமார் 34,000 ஆண் டாக்டர்களை ஐம்பது வருஷம் பின்தொடர்ந்தார்கள். 2004-ல் வந்த விடை: விடாமல் புகைத்தவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷ ஆயுள் நஷ்டம். 30 வயதுவாக்கில் விட்டால் கிட்டத்தட்ட முழுசும் திரும்பக் கிடைக்கிறது. 40-ல் விட்டால் ஒன்பது, 50-ல் ஆறு, 60-ல் மூன்று. டால் 2005-ல் காலமானார், வயது 92.

என் பாக்கெட் என்ன ஆயிற்று என்கிறீர்களா? நாளெல்லாம் இன்டர்காமில் அவருக்குத் துணை பேசிவிட்டு, அப்புறம் தனியாகக் கீழே போய் ஊத எனக்கே ஒரு மாதிரி இருந்தது. இரண்டு மாசம் கழித்து நானும் நிறுத்தினேன். இப்போது அவர்தான் என் இன்டர்காம்.

போன சித்திரையில், நல்ல வெயில். தண்ணீர் பாட்டில் வாங்க இரண்டு பேரும் அண்ணாச்சி கடையில் நின்றோம். ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஓடிவந்து, மரியாதையாகப் பாக்கெட்டைத் திறந்து நண்பரிடம் நீட்டினான். "சார், எடுத்துக்குங்க."

நண்பர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்:

"தம்பி, அவருகிட்ட நீட்டாத. அவரு சாமி!"

பையன் நண்பரின் வெறும் கழுத்தை ஒரு தரம் பார்த்தான், என்னை ஒரு தரம் பார்த்தான். ஒன்றும் புரியாமல் பாக்கெட்டை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.