பொதுக் குளியலறை கீசரை யார் திருகுவது?

பேச்சிப்பாறை அணை 1906-ல் கட்டி முடிக்கப்பட்டது. திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்து அணை. கோதையாற்றுத் தண்ணீரை 48 அடி வரை தேக்கி வைக்கிறது. வழியில் போகிறவர் யாராவது அதன் மறுகால் மதகைத் திறந்துவிட முடியுமா? முடியாது. அது நீர்வளத் துறைக்காரர்களின் பொறுப்பு. கீழே ஊர்களும் வயல்களும் இருக்கின்றனவே!

அதே வட்டாரத்தில் ஒரு சமுதாயக் கூடம், கல்யாண மண்டபம், மாணவர் விடுதி, யாத்திரிகர் தங்குமிடம் என எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். குளியலறைச் சுவரில் ஒரு கீசர் தொங்கும். அதன் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை யார் வேண்டுமானாலும் திருகலாம். பத்துப் பேர் குளிக்கும் இடமென்றால் பத்துப் பேரும் திருகுவார்கள். 'வெந்நீர்தானே, இதில் என்ன வந்துவிடப் போகிறது?' என்கிறீர்களா? வரும்.

குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் மலையடிவாரத்தில் பச்சைத் தண்ணீரைத் தொட முடியாது. இந்தப் பக்கத்தார் சொல்கிற மாதிரி 'சுடு வெள்ளம்' இருந்தால்தான் குளியல். ஐயப்ப பக்தர்கள் வந்து போகும் கார்த்திகை, மார்கழியில் தங்குமிடங்களில் விடியற்காலை நாலு மணிக்கே வரிசை நிற்கும்.

இனி நடப்பதைக் கவனியுங்கள். 25 லிட்டர் கீசரில் 60 டிகிரி தண்ணீர் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் சுமார் மூன்று வாளி கிடைக்கும். நான்காவது ஆள் உள்ளே போகும்போது குழாயில் வெதுவெதுப்புதான். அவர் என்ன செய்கிறார்? திருகைக் கடைசி வரை ஏற்றுகிறார். சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பு.

அதுதான் தவறு. திருகை எங்கே வைத்தாலும் சூடேறும் வேகம் ஒன்றுதான். 2000 வாட் கீசர் 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக ஏறக்குறைய அரை மணி எடுக்கும். திருகு சொல்வது 'எங்கே நிறுத்து' என்பதை மட்டும். 'வேகமாக ஓடு' என்று அது சொல்வதில்லை. ஆக, ஏற்றியவருக்கு ஒரு பலனும் இல்லை. அவர் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டுப் போய்விடுவார். கீசர் மட்டும் மேலே மேலே சூடேறிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை முதலில் குழாயைத் திறப்பது ஒரு குழந்தையாக இருந்தால்?

சூடும் நேரமும் எப்படி உறவாடுகின்றன என்பதை மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947-லேயே அளந்து வெளியிட்டார்கள். 49 டிகிரி தண்ணீர் பெரியவர் தோலை ஆழமாகச் சுடச் சில நிமிஷங்கள் ஆகும். அதற்குள் நாம் கையை இழுத்துக்கொள்வோம். 60 டிகிரியில் ஐந்து விநாடி போதும். 70-ஐத் தாண்டினால் ஒரு விநாடியே அதிகம். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வெந்துபோகும். முதியவர்களால் சட்டென்று நகர முடியாது. நாள்பட்ட சர்க்கரை நோய்க்காரர்களுக்கோ பாதத்தில் உணர்ச்சி மரத்திருக்கும். கொதிக்கிற தண்ணீரில் காலை வைத்துவிட்டு, கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு விஷயமே தெரியும்.

'அப்படியானால் 45 டிகிரியில் வைத்துப் பூட்டிவிடலாமே?' என்று தோன்றும். அதிலும் ஒரு சிக்கல். 1976-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு நடந்தது. வந்தவர்களில் பலர் ஒருவகை நிமோனியாவில் விழுந்தார்கள். 29 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம்தான் கிருமி பிடிபட்டது. லெஜியோனெல்லா என்று பெயர். தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீர், அதாவது சுமார் 25 முதல் 45 டிகிரி வரை, அதற்குச் சொந்த வீடு மாதிரி. ஷவரிலிருந்து பறக்கும் நுண்துளியை மூச்சில் இழுக்கும்போது நுரையீரலுக்குள் போகிறது. முதியவர்கள், புகைப்பவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஆபத்து. ஆகவே தொட்டிக்குள் 60 டிகிரி இருக்கட்டும், குழாய்க்கு வரும்போது குறையட்டும் என்பதுதான் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வழி. இதற்கென்றே 'தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு' இருக்கிறது. வெந்நீரோடு பச்சைத் தண்ணீரைத் தானே கலந்து, வைத்த சூட்டில் அனுப்பும். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் குழந்தைகள், முதியவர்கள் தங்கும் இடத்தில் இந்தச் செலவைத் தட்டிக் கழிக்கக் கூடாது. மாடியில் சூரிய வெப்பக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அங்கே திருகே இருக்காது. நல்ல வெயிலில் தண்ணீர் 70, 80 டிகிரிக்குப் போய்விடும்.

இவ்வளவும் திருகு சமாசாரம். இதைவிட மோசமான கைவைப்பு ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட் பழுதாகிவிட்டது, பாகம் கடையில் இல்லை, மறுநாள் மண்டபத்தில் கல்யாணம். வந்த எலக்ட்ரீஷியன் இரண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி, 'டைரக்டா கொடுத்துட்டேன் சார், இனி பிரச்னையே வராது' என்கிறார். நாமும் சந்தோஷமாகக் காசு கொடுத்து அனுப்புகிறோம். இனி அந்தக் கீசருக்கு நிறுத்தம் கிடையாது. கூடவே, பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறதென்று யாரோ ஒரு புண்ணியவான் அதை அடைத்தும் வைத்திருப்பார். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் சுமார் 1600 லிட்டர் இடம் கேட்கும். மூடிய தொட்டிக்குள் அந்த இடம் எங்கே இருக்கிறது? கீசர் வெடிப்பது இப்படித்தான். சூடேறும்போது வால்வு கொஞ்சம் சொட்டுவது அதன் வேலை. சொட்டட்டும், ஒரு குழாய் மாட்டி வடிகாலில் விடுங்கள்.

சரி, எப்படித் தடுப்பது? பூட்டுவதற்கு முன்னால் ஏன் திருகுகிறார்கள் என்று கேளுங்கள். தண்ணீர் போதவில்லை என்பதுதான் பெரும்பாலும் பதிலாக இருக்கும். இருபது பேர் தங்கும் இடத்தில் ஒரே 25 லிட்டர் கீசரை மாட்டிவிட்டுப் பூட்டும் போட்டால், ஒரே வாரத்தில் பூட்டு உடையும். பெரிய தொட்டி வாங்குங்கள், அல்லது குளிக்கும் நேரத்தைப் பிரித்துவிடுங்கள்.

பிறகு பூட்டு. வெளியே திருகு நீட்டிக்கொண்டிருக்கும் மாடலைப் பொது இடத்துக்கு வாங்கவே வேண்டாம். மூடிக்குள்ளே, ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் தொட முடியாதபடி தெர்மோஸ்டாட் உள்ள, ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற கீசராகப் பாருங்கள். பழையது என்றால், கீசர் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக் டப்பாவை ஒட்ட வேண்டாம். திருகுக் குமிழைக் கழற்றி எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. சுவிட்சைக் குளியலறைக்கு வெளியே, பூட்டும் பெட்டிக்குள் வையுங்கள். ஒரு டைமர் சேர்த்தால் காலை நாலரைக்குத் தானே போடும், எட்டுக்குத் தானே அணைக்கும். 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் கட்டாயம்.

சாவி ஒருவரிடம்தான் இருக்க வேண்டும். காவலாளியோ வார்டனோ, யாராவது ஒருவர். கமிட்டியில் ஏழு பேருக்கு ஏழு சாவி என்றால் பூட்டே தேவையில்லை! வாரம் ஒருமுறை அவர் சமையல் வெப்பமானியால் குழாய்த் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதட்டும். 'தொடாதே' என்று போர்டு வைத்தால் தொடத்தான் தோன்றும். 'வெந்நீர் காலை 5 முதல் 8 வரை. ஒருவர் குளித்தபின் அரை மணி பொறுக்கவும். திருகினால் வேகமாகச் சூடாகாது. குறை இருந்தால் காவலாளியிடம் சொல்லவும்' என்று எழுதிப் பாருங்கள். காரணம் தெரிந்தவர் கை வைக்கமாட்டார்.

குளிப்பவர்களுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர். மாற்றிச் செய்யாதீர்கள். குழந்தைக்கு ஊற்றும் முன் உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். சர்க்கரை நோய்க்காரருக்கு வீட்டில் வேறொருவர் பார்த்துச் சொல்லட்டும்.

மீறிச் சுட்டுவிட்டால்? உடனே ஓடுகிற பச்சைத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் இருந்தால் வீங்குவதற்குள் கழற்றுங்கள். ஐஸ், பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். சுட்டது குழந்தையை என்றாலோ, முகம், கை, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். பேச்சிப்பாறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு மலைப்பாதையும் சேர்த்து நெடுந்தூரம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வந்து சேரும் நேரம் முழுவதும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.