நோயுரையும் தாதியர் கல்வியும்

மருத்துவத்துக்கு உறுப்பு நான்கு என்பது நம் முன்னோர் கொள்கை. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கும் ஒருங்கே பொருந்தியவிடத்தே நோய் தீரும் என்பர். திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக்குறள் இந்நான்கினையும் எண்ணிக் கூறுகின்றது. அங்கே நான்காவதாக நிற்பவன் உழைச்செல்வான். உழை என்பது பக்கம் எனப் பொருள்படுமாதலின், நோயாளியின் பக்கத்தே செல்பவன் என்பது அச்சொல்லின் நேர்ப்பொருளாகும். இக்காலத்துத் தாதியை இதனினும் பொருத்தமாகக் குறிக்கும் சொல் அரிது.

வடமொழி ஆயுர்வேத நூலாகிய சரகசங்கிதையும் இந்நான்கினையே கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு குணங்களை வகுக்கின்றது. பணிவிடை முறையறிதல், செயற்றிறன், அன்பு, தூய்மை என்பன பேணுபவனுக்குரியவை. நினைவாற்றல், சொற்படி நடத்தல், அஞ்சாமை, தன் நோயை எடுத்துரைக்கும் ஆற்றல் என்பன நோயாளிக்குரியவை. இவற்றுள் இறுதியிற் கூறப்பட்டது ஊன்றி நோக்கத்தக்கது. நோயை உரைக்கவும் வேண்டும் என்று நோயாளியிடம் எதிர்பார்த்தனர் பண்டையோர். அவ்வாறு உரைக்க இயலாதவன் செய்வது யாது? அவனை உரைக்கச் செய்யும் பொறுப்பு யாருடையது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் மலையேறத் தொடங்கும் இடத்திலே அமைந்தது ரம்புக்கனை. சப்பிரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். அம்மாவட்டத்திற் சிங்களம் பேசுவோரே பெரும்பான்மையினர். ஆயினும் அங்குள்ள இறப்பர், தேயிலைத் தோட்டங்களிலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வழித்தோன்றல்கள் தலைமுறை பலவாகத் தமிழ் பேசி வாழ்கின்றனர். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைபற்றி ஆங்கிலேயர் ஆட்சியில் 1872ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1990களிலிருந்து தோட்ட வைத்தியசாலைகள் சில படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. இன்று கடுமையான நோயென்றால் அம்மக்கள் நாடுவது நகரத்து அரசாங்க வைத்தியசாலையையே. ஆங்குள்ள தாதியரிற் பெரும்பாலோரின் தாய்மொழி சிங்களம். 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மையே. எனினும், நள்ளிரவில் நோவால் துடிக்கும் ஒரு தாய்க்கும் அவளருகே நிற்கும் தாதிக்கும் இடையே சொல்லைக் கொண்டுசெல்வது சட்டத்தால் மட்டும் ஆவதன்று.

தமிழில் நோவைக் குறிக்கும் சொற்களின் வளத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மூட்டிலே உண்டாவது குடைச்சல், நீர் பிரியும்போது உண்டாவது கடுப்பு, நெஞ்சிலே அடைப்பு, வயிற்றிலே எரிச்சல், விலாவிலே குத்தல். இவை அணிக்காக அமைந்த வேறுபாடுகளல்ல. நெஞ்சை அடைப்பதுபோலவும் அழுத்துவதுபோலவும் இருக்கின்றதென்றால் வைத்தியர் முதலில் இதயத்தை ஐயுறுவர். மூச்சிழுக்குந்தோறும் குத்துகின்றதென்றால் நுரையீரலைச் சூழ்ந்த சவ்வையும் நோக்குவர். இவை யாவும் 'வேதனாவ' என்னும் ஒரே சிங்களச் சொல்லாக மாறிக் குறிப்பேட்டில் ஏறுமாயின், நோயாளி உரைத்தவற்றுள் வைத்தியருக்குப் பயன்படும் பகுதி வழியிலேயே ஒழிந்துபோகும். மேலும், வேதனை என்பது தமிழர் வாயிற் பெரும்பாலும் மனத்துன்பத்தைச் சுட்டும். 'வேதனையாக இருக்கின்றதா?' என்று தாதி உடல்நோவைக் கருதி வினவ, கணவனை இழந்த மூதாட்டி தன் துயரைக் கருதித் தலையசைத்தலும் கூடும்.

தமிழ்த் தாதியரை நியமித்த அளவில் இவ்விடர் முற்றும் நீங்கிவிடும் என எண்ணுவதும் பொருந்தாது. யாழ்ப்பாணத்தார் 'சத்தி' என்பதைத் தோட்டத்தார் 'வாந்தி' என்பர். முன்னவர் 'நோகுது' என்னுமிடத்துப் பின்னவர் 'வலிக்குது' என்பர். 'மயக்கம் வருது' என்று தோட்டத்துப் பெண் கூறுமிடத்து அவள் கருதியது பலவேளைகளில் தலைச்சுற்றேயாகும். கேட்பவர் அதனை நினைவிழந்து வீழ்தல் எனக் கொள்வாராயின் நோயறியும் நெறியே மாறிவிடும். ஆதலின், மொழி ஒன்றாயிருப்பினும் 'மயக்கமென்றால் எப்படி? சுற்றுகின்றதா, கண் இருளுகின்றதா, விழுந்தீர்களா?' என வினவித் தெளிதல் இன்றியமையாதது.

மக்கள் மொழியே மருத்துவத்தின் வாயில் என்பதை ஈழத்திற் செயலிற் காட்டியவருள் தலையாயவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே மருத்துவப்பணி புரிந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலேயே மருத்துவங் கற்பிக்கலானார். கற்றவர் தம் ஊரிலே தங்கி ஊரார் மொழியிலே பணிபுரிதல் வேண்டும் என்பது அவர் கருத்து. அதன்பொருட்டு அவரும் அவருடைய மாணாக்கரும் 1867இல் இரணவைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதம் முதலிய பெருநூல்களைத் தமிழில் வெளியிட்டனர். அறுபதின்மருக்கு மேற்பட்ட வைத்தியரை அவர் உருவாக்கினார். நூலுக்குக் கலைச்சொல் தேடிய அப்பெருமுயற்சிக்குத் துணையாக, நோயாளியின் வாய்ச்சொல்லைத் தொகுத்தறியும் முயற்சியும் இன்று வேண்டப்படுகின்றது.

இனி, தாதியர் பயிலவேண்டிய உரையாடற்றிறன்களை மூன்றாக வகுத்து நோக்குவாம். முதலாவது கேட்டல். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859ஆம் ஆண்டு நோயாளரைப் பேணல்பற்றி எழுதிய நூலில், நோயாளி தலையைத் திருப்பாமலே காணத்தக்க இடத்தில் அமர்ந்து பேசுக என அறிவுறுத்தினார். நோயாளியின் அறையிற் கிசுகிசுத்துப் பேசுதலையும், வெறும் ஆறுதல் மொழிகளைச் சொரிதலையும் கடிந்தார். இவ்வறிவுரைகளைப் பின்பற்றுதற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. அமர்தல், முகம் நோக்குதல், 'உங்களுக்கு என்ன செய்கின்றது?' எனத் திறந்த வினாவாற் பேச்சைத் தொடங்குதல், இடைமறியாது கேட்டல், பின்னர் எங்கே, எப்போது, எவ்வளவு என நுணுகி வினவுதல் என்பன இம்முறையின் படிகள். 'காய்ச்சல் இருக்கின்றதா?', 'இருமல் இருக்கின்றதா?' என்று அடுக்கிக் கேட்டால், மேலிடத்தாருக்கு மறுத்துரைத்துப் பழகாத எளியவர் எல்லாவற்றுக்கும் 'ஆமாங்க' என்றே விடையிறுப்பர்.

இரண்டாவது உணர்த்தல். இறப்பர்த் தோட்டத்திற் பால் வெட்டும் தொழிலாளி ஒருத்தியைக் கருதுக. விடியற்காலையிலே வெறுந்தேநீர் பருகி மரத்துக்குச் செல்பவள் அவள். வயிறார உண்பதோ வெயிலேறிய பின்னர். நீரிழிவுக்கான மாத்திரையைக் காட்டி, 'காலையில் ஒன்று' எனத் தாதி கூறுகின்றார். அவளும் தலையசைக்கின்றாள். மறுநாள் விடியுமுன்னே அதனை விழுங்கிவிட்டு மலையேறுகின்றாள். அம்மருந்து குருதியிலுள்ள வெல்லத்தை மிகவுங் குறைக்கும் வகையினதாயின், வியர்த்து, நடுங்கி, மரத்தடியிலே மயங்கி வீழ்தலுங் கூடும். மருந்தும் அளவும் பிழையில்லாதிருந்தும், அவள் எப்போது உண்கின்றாள் என்பது வினவப்படாமையால் விளைந்த தீங்கு இது. தலையசைப்பு விளங்கியமைக்குச் சான்றாகாது. ஆதலின், 'வீட்டுக்குப் போய் இந்த மாத்திரையை எப்போது, எதற்குப் பிறகு போடுவீர்கள்? நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க, நீங்கள் சொல்லுங்கள்' எனக் கேட்டல் நன்று. பிழை நேர்ந்தால் அது கேட்டவளுடையதன்று, சொன்னவருடையது என்னும் பணிவு இவ்வினாவிலே பொதிந்துள்ளது.

மூன்றாவது ஒப்புவித்தல். ஒரு வேளைத் தாதி மறுவேளைத் தாதியிடமும் வைத்தியரிடமும் நோயாளியின் நிலையை எடுத்துரைக்கும் பணி இது. இப்போதைய நிலை, அதன் பின்னணி, தாதியின் மதிப்பீடு, செய்யவேண்டியது என நான்கு படிகளில் இதனை உரைக்கும் முறையொன்று அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிப் பின்னர் வைத்தியசாலைகளிற் பரவியது. இந்நான்கனுள் நோயாளியின் மொழி யாது, அவளுக்கு மொழிபெயர்த்தவர் யார் என்பனவும் பின்னணியிற் சேர்த்துரைக்கப்படுமாயின், நம் நாட்டுக்கு அம்முறை மேலும் பயனுடையதாகும்.

மொழிபெயர்ப்பைப்பற்றி ஒன்று கூறுதல் அவசியம். பள்ளியிலே சிங்களங் கற்ற சிறுமி தாயின் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தல் எளிதாகத் தோன்றும். ஆனால், கருப்பை நோயையோ கணவன் அடித்ததையோ எந்தத் தாய் தன் மகளின் வாயினால் உரைப்பாள்? உயிருக்கு ஆபத்தான செய்தியைத் தாய்க்கு அறிவிக்கும் சுமையைக் குழந்தையின்மீது ஏற்றுதலும் அறமாகாது. அவசர வேளையொழிந்த ஏனைய வேளைகளிற் பயிற்சி பெற்ற வளர்ந்தோரையே இதற்கு அமர்த்துதல் முறை.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? தாதியர் கல்வியில் ஊசியிடவும் புண்கட்டவும் பயிற்றுவதுபோலவே பேசவும் கேட்கவும் பயிற்றுதல் வேண்டும். மாணவியருள் ஒருவர் நோயாளியாகவும் மற்றொருவர் தாதியாகவும் நடித்துப் பழகுதல் இதற்கு நல்வழி. தோட்ட மாவட்டங்களிற் பணிபுரியச் செல்வோர்க்கு அவ்வவ்விடத்து நோய்ச்சொற்களின் சிறுபட்டியல் ஒன்று தமிழ், சிங்களம் ஆகிய இருமொழியிலும் கையிலிருத்தல் நலம். சிங்களத் தாதி 'எங்கே வலிக்குது?' என்பதையும், தமிழ்த் தாதி 'கொஹேத ரிதென்னே?' என்பதையும் அறிவதற்கு நெடுங்காலம் வேண்டியதில்லை. அவ்வொரு வினாவைத் தன் மொழியிலே கேட்ட அளவில் நோயாளியின் அச்சம் தணியும். சரகர் வேண்டிய அஞ்சாமையும் உரையாற்றலும் அவரிடத்தே பிறக்கும்.

நோயை எடுத்துரைத்தல் நோயாளியின் குணமென்றால், அதனைப் பிறப்பித்தல் உழைச்செல்வாரின் கடமை. அக்கடமைக்கு முதற்படி விளிச்சொல்லாகும். கட்டில் எண்ணையோ நோயின் பெயரையோ இட்டு அழையாது 'அம்மா' என்று விளித்து அருகே அமர்க. அச்சொல் தமிழுக்கும் சிங்களத்துக்கும் பொதுவானது. அதற்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுவதில்லை.