பெரிய எழுத்து இல்லாதவர்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, முத்துப்பேட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிவாரணப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். படிவத்தின் தலைமாட்டில் ஒரு வரி: பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதவும். அதை வாசித்துச் சொன்னதும் ஒரு அம்மா கேட்டார்: "பெரிசாத்தானே எழுதணும்? தமிழ்லயே கொட்டை எழுத்தா எழுதிட்டா ஆவாதா தம்பி?" சிரித்துவிட்டேன். ராத்திரி யோசித்தபோது சிரிப்பு வரவில்லை.

தமிழில் 'பெரிய எழுத்து' என்றால் அந்த அம்மா சொன்னதுதான். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று சந்தையில் விற்ற புத்தகங்கள், எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களை உத்தேசித்து அச்சானவை. அங்கே பெரிசு என்பது வாசகரின் கண்ணுக்கான சலுகை. ஆங்கிலத்தில் அப்படியல்ல. அங்கே பெரிய எழுத்து ஒரு அந்தஸ்து. வாக்கியத்தின் தலைக்கு, மனிதப் பெயருக்கு, கடவுளுக்கு, 'நான்' என்பதற்கு.

இது இயற்கையில் முளைத்ததில்லை. கல்லில் வெட்டிய ரோமானிய எழுத்து ஒரு வடிவம். கையால் வேகமாக எழுதி எழுதி உருவானது இன்னொரு வடிவம். கி.பி. 800-ஐ ஒட்டி, சார்லமேன் காலத்தில் சின்ன எழுத்து ஒழுங்குபட்டது. பின்னால் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தார்கள். அச்சுக்கோப்பவர் மேல் பெட்டியில் பெரிசும் கீழ் பெட்டியில் சிறிசும் வைத்திருந்ததால் ஆங்கிலத்தில் இன்றும் மேல்பெட்டி, கீழ்பெட்டி என்றே பெயர். ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்கும். டேனிஷ்காரர்களும் அப்படித்தான் எழுதினார்கள், 1948-ல் விட்டுவிட்டார்கள். வைக்கவும் முடியும், எடுக்கவும் முடியும் என்றால் அது மரபு. மரபு என்றால் அதில் அதிகாரம் உண்டு.

நம் கதை வேறு. ஓலைச்சுவடியில் பெரிசு சிறிசு மட்டுமல்ல, சொல்லிடைவெளியே கிடையாது; பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. பாட்டு ஏற்கெனவே காதில் இருந்தவருக்குத்தான் ஏடு பேசும். கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோது ஏட்டுக்கும் வாசகனுக்கும் நடுவில் நின்ற சுவர் கொஞ்சம் சரிந்தது. புள்ளி, இடைவெளி, தலைப்பு, பத்தி இவையெல்லாம் அலங்காரம் இல்லை தோழர்களே. வாத்தியார் வாயிலிருந்த அதிகாரத்தில் ஒரு பங்கைப் பக்கத்துக்கு மாற்றிய கருவிகள்.

கணினி நிரலில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 'சி' மொழியில் ஒரே சொல்லின் முதலெழுத்தைப் பெரிசாக்கினால் அது வேறு பெயர். 1991-ல் வெளிவந்த பைத்தானில் வரிக்கு முன்னால் விடும் வெற்றிடமே இலக்கணம். தள்ளி எழுதினால் பொருள் மாறும், இல்லாவிட்டால் பிழை என்று நிற்கும்.

கூகுள் 2009-ல் வெளியிட்ட 'கோ' மொழி ஒரு படி மேலே போனது. ஒரு பெயர் பெரிய எழுத்தில் தொடங்கினால்தான் அது தன் தொகுப்பைத் தாண்டி வெளியே தெரியும். இல்லையென்றால் வீட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். தமிழுக்குப் பெரிய எழுத்தே இல்லையே? ஆகவே தமிழில் தொடங்கும் பெயர் எக்காலத்தும் வாசல் தாண்டாது. அது மட்டுமா? அந்த மொழியில் பெயர் என்பது எழுத்தும் எண்ணும் மட்டுமே கொண்டது. யூனிகோடு கணக்கில் நம் கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் 'எழுத்து' இல்லை, 'குறி'. எனவே 'மர' செல்லும், 'மரம்' செல்லாது. டெல்டாக்காரன் 'நெல்' என்று ஒரு பெயர் வைக்க முடியாது. ஓலை கிழியுமோ என்று அன்று புள்ளியை விட்டோம். இங்கே விதி கிழிக்கிறது.

அந்த மொழியின் கேள்வி-பதில் பக்கமே இதை ஒப்புக்கொள்கிறது. முன்னால் ஓர் ஆங்கில 'எக்ஸ்' போட்டுக்கொள்ளுங்கள், இது திருப்தியான தீர்வல்ல என்கிறது. ஆனால் 2008-ல் வந்த பைத்தான் 3, 'நெல்' என்ற பெயரை அப்படியே ஏற்கிறது. ஆக, இது இயந்திரத்தின் இயலாமை அல்ல. யாரை மனசில் வைத்து விதி எழுதினார்கள் என்பதே விஷயம்.

பெரிய எழுத்தை நாம் திருப்பிப் பயன்படுத்தியதும் உண்டு. ஆங்கில விசைப்பலகை மட்டுமே இருந்த நாட்களில், மின்னஞ்சலில் தமிழ் எழுதியவர்கள் சின்ன 'எல்'லை லகரமாகவும் பெரிய 'எல்'லை ளகரமாகவும் வைத்துக்கொண்டார்கள். னகர ணகரமும் அவ்விதமே. அங்கே பெரிசு அந்தஸ்து இல்லை, ஒலி. படிவமோ எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் கேட்டு அந்த வேறுபாட்டையும் துடைத்துவிடுகிறது. ஒரே தெருவில் ஒரு வள்ளியும் ஒரு வல்லியும் இருந்தால் கட்டத்துக்குள் இருவரும் ஒருத்திதான். ரேஷன் அட்டையில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் ஒரு மாதிரி என்று பெயர் பிசகினால் பணம் நின்றுபோகும். அலைவது அவள்தான்.

படிவத்தில் தமிழ்ப் பெயருக்கு ஒரு கட்டம் கேட்க வேண்டும். அதுவே மூலப் பெயராகச் செல்லவும் வேண்டும். கேட்கும் நாம் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. நம் துண்டறிக்கைகளைப் பாருங்கள்: பொடி எழுத்து, பத்தி பிரிக்காத பக்கம், வரிக்கு நாலு மேற்கோள்குறி. விவசாயத் தொழிலாளிக்கு என்று சொல்லி அச்சடிக்கிறோம்; வாசிப்பது நாமேதான். கொட்டையாக எழுதினால் ஆகாதா என்ற கேள்வி நமக்கும்தான்.