நாய் என்ன, திண்டுக்கல் பூட்டா?

திண்டுக்கல் என்றதும் பிரியாணியும் பூட்டும்தான் சட்டென்று நினைவுக்கு வரும். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. வாசலில் மாட்டிவிட்டால் வெயிலோ மழையோ, சொன்ன வேலையைச் செய்துகொண்டு அங்கேயே தொங்கும். எப்போதாவது இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

அதே வாசலில், கேட்டுக்கு உள்பக்கம், மூன்றடிச் சங்கிலியில் ஒரு நாயும் இருக்கும். காலையில் ஒருமுறை அவிழ்த்துவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி கட்டிவிடுவார்கள். வேளைக்குச் சோறு, கிண்ணத்தில் தண்ணீர், வருடத்துக்கு ஒரு ஊசி. “எங்க வீட்டு நாய்க்கு ஒரு குறையும் இல்லை” என்று வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால், பூட்டைப் பார்த்துக்கொள்வது போலத்தான் நாயையும் பார்த்துக்கொள்கிறார்.

நாயைத் தினமும் நடக்க அழைத்துப்போவதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் நம் ஊர்ப் பக்கம் நிறைய பேர். ஆனால், கட்டிவைத்து வளர்க்கும் நாய்க்கு உடற்பயிற்சி கொடுப்பது இந்தியாவில் சட்டப்படியான கடமை. அதுவும் நேற்று வந்த சட்டம் இல்லை.

மதுரையில் பிறந்தவர் கேட்டு வாங்கிய சட்டம்

கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊரான மதுரையில் பிறந்தவர். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டதும் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே விரிவான சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொன்ன பிறகு அதைத் திரும்பப் பெற்றார். அந்த உறுதிதான் 1960-ல் விலங்குவதைத் தடுப்புச் சட்டமாக வந்தது. அதன்படி 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு, வதை என்று எவற்றையெல்லாம் கருத வேண்டும் எனப் பட்டியலிடுகிறது. அடிப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது ஆகியவற்றோடு இன்னும் இரண்டும் அதில் உண்டு. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரத்துக்குக் கட்டிவைப்பது வதை. எப்போதும் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதும் வதை. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இந்தத் தொகை பல ஆண்டுகளாக மாறவில்லை. அதனால்தானோ என்னவோ, அப்படி ஒரு வரி சட்டத்தில் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

இன்னொரு சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளர்ப்பு விலங்கால் அடுத்தவருக்கு ஆபத்து வராதபடி பார்த்துக்கொள்ளாமல் அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். முதல் சட்டத்தை மறந்த வீட்டுக்குத்தான் பல நேரம் இரண்டாவது சட்டம் வந்து நிற்கிறது.

கட்டிய நாய் ஏன் கடிக்கிறது?

நாய்க்கு உலகம் மூக்கின் வழியாகத்தான் தெரியும். தெருவில் யார் போனார்கள், எந்த நாய் எந்தக் கம்பத்தில் அடையாளம் வைத்தது என்பதையெல்லாம் மோப்பத்தால் படிக்கிறது. கட்டிப்போட்ட நாய்க்குத் தெருவின் சத்தமும் வாசனையும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் கிட்டப் போய் என்னவென்று பார்க்க முடியாது. பால்காரர், கூரியர் கொண்டுவருபவர், பள்ளிப் பிள்ளைகள் என்று நாள் முழுக்கக் கடந்துபோகிறவர்களைப் பார்த்துக் குரைத்துக் குரைத்து, வருகிறவர் எல்லோருமே எதிரி என்று மனதில் பதிந்துவிடும். பயந்துபோனால் ஓடவும் வழியில்லை. அப்போது நாய்க்கு மிச்சமிருக்கும் ஒரே வழி கடிப்பதுதான். ஒருநாள் சங்கிலி அறுந்தாலோ கேட் திறந்திருந்தாலோ விபரீதம் நடந்துவிடுகிறது.

நடை இல்லாத நாய் வேறு வழிகளிலும் அதைக் காட்டும். செருப்பைக் கடித்துக் குதறும். தொட்டியில் மண்ணைத் தோண்டும். ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். காலை நக்கி நக்கிப் புண்ணாக்கும். “சேட்டை தாங்கலை” என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் தீராத சக்தியின் வெளிப்பாடு. எடை கூடினால் மூட்டு வலியும் கூடவே வரும். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் சரியான உடம்பு.

வெயில் ஊரில் நடக்கும் நேரம்

திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும்தான் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்கும். மூக்கு சப்பையான பக், புல்டாக் போன்ற இனங்களுக்கு அதுவும் சரியாக முடியாது. அவற்றுக்குத்தான் ஆபத்து அதிகம்.

கோடையில் காலை நடையை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடாதீர்கள். பகல் முழுக்க வெயில் குடித்த தார்ச்சாலை ஆறுவதற்கு நேரம் எடுக்கும். கிளம்பும் முன் புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்கள் கை தாங்கவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. மொட்டை மாடித் தளத்துக்கும் இதே சோதனைதான்.

நாய்க்கு இயல்பான உடல் வெப்பம் சுமார் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அளவுக்கு மீறி இரைப்பது, கெட்டியாக எச்சில் வடிவது, ஈறு கடும் சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது ஆகியவை வெப்பத் தாக்குதலின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஈரத்துண்டைப் போர்த்தினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும், போர்த்தாதீர்கள். தானாகக் குடித்தால் தண்ணீர் கொடுக்கலாம். வாயைத் திறந்து ஊற்றக் கூடாது. குளிர்வித்துக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். கொஞ்சம் தெளிந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். உள்ளுறுப்புகளில் ஏற்பட்ட பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

எவ்வளவு நேரம்? எந்த நாய்க்கு?

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற பெரிய நாய்களுக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நடை வேண்டும். பொமரேனியனுக்கு அதில் பாதி போதும். பக் நாய்க்குக் குளிர்ந்த நேரத்தில் 15, 20 நிமிட நடை இரண்டு வேளை. வயதான நாயைப் பல சிறு நடைகளாகக் கூட்டிப்போகலாம். குட்டியை, தடுப்பூசிகள் எல்லாம் முடியும்வரை, அதாவது சுமார் நாலு மாதம் வரை, தெருவில் இறக்க வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தூக்கிக்கொண்டு போய் வெளியே வேடிக்கை காட்டலாம்.

நாட்டு நாய்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேனிப் பக்கத்துக் கோம்பை, தெற்கே சிப்பிப்பாறை, கன்னி, 2005-ல் தபால் தலையில் இடம்பிடித்த ராஜபாளையம் எல்லாமே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்ட இனங்கள். முயலை விரட்டிப் பாயும் கால்கள் சிப்பிப்பாறைக்கு. அதை எட்டடி போர்ட்டிகோவில் கட்டிவைப்பது போன்ற கொடுமை வேறில்லை. வேலி போட்ட தோட்டமோ காடோ இருந்தால், வாரத்தில் சில நாளாவது அங்கே அவிழ்த்துவிட்டு ஓடவிட வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் இந்த இனங்களை வாங்காமல் இருப்பதே நல்லது.

சாலையில் இறங்கினால்…

கழுத்துப் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். இழுக்கிற நாய்க்கு மார்போடு மாட்டும் ஹார்னஸ் நல்லது. கயிற்றைப் பெரியவர் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் கூட வரலாம். பைக்கில் உட்கார்ந்துகொண்டு நாயைப் பக்கத்தில் ஓடவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வண்டி வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டாலும் நாய் ஓடும், விழும்வரை ஓடும்.

நடையின் முதல் பாதியை நாயிடமே விட்டுவிடுங்கள். நின்று மோப்பம் பிடிக்கட்டும். வேகமாக அரை மணி நேரம் இழுத்துப்போவதைவிட, மோந்து மோந்து நடந்த இருபது நிமிடம் அதன் மனதை நன்றாகக் களைப்பாக்கும். அன்றைக்கு வீட்டில் குரைப்பு குறைவதை நீங்களே கவனிக்கலாம்.

தெருநாய்கள் எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். கயிற்றைச் சுருக்கி, நாயை மறுபக்கம் வைத்துக்கொண்டு, அதே வேகத்தில் எதிர்ச் சாரிக்கு மாறிவிடுங்கள். கையில் ஒரு தாளோ பையோ இருக்கட்டும். அடுத்தவர் வாசலில் உங்கள் நாய் போனதை எடுத்துப் போடுவது மரியாதை மட்டுமில்லை. கொக்கிப்புழு பரவுவதையும் தடுக்கும்.

வந்ததும் பத்து நிமிடம்

வீடு திரும்பியதும் தண்ணீர் கொடுங்கள். சாப்பாட்டை அரை மணி நேரம் கழித்து வையுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே பெரிய நாயை ஓடவிட்டால் இரைப்பை உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பாதங்களைத் துடைத்து, விரலிடுக்கில் முள், கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். காதுமடல், கழுத்து, கால் இடுக்குகளில் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பிடாது, சோர்ந்து கிடக்கும், மூக்கில் ரத்தம் வரலாம். குளியல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நாம் போடும் சோப்பு அதன் தோலுக்கு ஆகாது.

இந்த ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை பிரியாணி எலும்பு. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் கிழிக்கும். அதோடு சேர்ந்த வெங்காயம் நாயின் ரத்த சிவப்பணுக்களை அழிக்கும். இன்னொன்று, இந்தப் பகுதித் தோட்டங்களில் விளையும் திராட்சை. சில நாய்களுக்குக் கொஞ்சம் தின்றாலே சிறுநீரகம் செயலிழக்கும். பாசத்தில்கூட ஒரு பழம் கொடுக்காதீர்கள்.

நடைக்கு முன் ஊசி

தெருவில் இறங்கும் நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி கட்டாயம். மூன்றாவது மாதத்தில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு ஆண்டுதோறும். மனிதர்களுக்கு வரும் வெறிநோயில் 99 சதவிகிதம் நாய்கள் மூலம்தான் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாது. யாரையாவது நாய் கடித்தால், அது வீட்டு நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம்.

யார் கூட்டிப்போவது?

பெருநகரங்களில் சம்பளத்துக்கு நாயை நடத்திக்கொண்டு போக ஆள் கிடைக்கிறார்கள். இங்கே வீட்டில் இருப்பவர்கள்தான் முறை வைத்துக்கொள்ள வேண்டும். காலையில் நடக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய அப்பாவுக்கு நாய் நல்ல துணை. மாலையில் டியூஷன் முடிந்து வந்த பிள்ளையும் அம்மாவும் போகலாம். ஒருவருக்கு இருபது, முப்பது நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த நேரமும் யாரிடமும் இல்லை என்றால், அந்த வீட்டுக்குத் தேவை ஒரு நல்ல பூட்டு. அது இந்த ஊரிலேயே கிடைக்கும்.

ஏற்கெனவே நாய் வளர்க்கிறீர்களா? இன்று வெயில் தாழ்ந்து, சாலை ஆறியதும், ஆணியில் தொங்கும் கயிற்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அந்தச் சத்தத்துக்கு அது எழுந்து நிற்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும், எத்தனை நாளாகக் காத்திருந்தது என்று.