ஒரு பனை, இரு குடிகள்

பாண்டியரின் முத்துத் துறைமுகமாயிருந்த கொற்கை, இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே தள்ளிய சிற்றூர். அப்பகுதிப் பனைகளில் அணிலும் தூக்கணாங்குருவியும் வாழ்கின்றன. அணிலின் எடை சுமார் 100 கிராம். குருவி அதில் கால் பங்கு. அணிலினத்தில் தாயே நாரும் பஞ்சும் சேர்த்துக் கூடமைத்து, கண் திறவாக் குட்டிகளுக்குப் பாலூட்டுகிறது. குருவியினத்திலோ நெசவு ஆணின் வேலை. ஓலையையும் நெல் இலையையும் கீற்றாகக் கிழித்துப் பின்னுகிறது. பாதிக் கூட்டைப் பெண் பார்த்து ஏற்றால்தான் மீதி. ஏற்காவிட்டால் உழைப்பு வீண்தான், பாவம்!

பனை வீழ்ந்தால் அணில் ஓட்டுக்கூரைக்குள் புகுந்துகொள்ளும். குருவிகளோ கூட்டமாகக் கட்டுபவை. ஒரு மரம் போனால் ஒரு குடியிருப்பே போகும். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. அனுமதி தருமுன், மரத்தில் கூடு தொங்குகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம்.